விழக்கு

மூன்று உறைகள்.
உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று
மூன்று திசை முகவரிகள்.
மூன்று மணிக்கு டெண்டர் பெட்டியைத் திறந்தபோது
எதிரில் நின்றவர் ஒருவர்தான்.
மூணு கம்பெனிக்கும் நானே கையெழுத்துப் போட்டுரவா
என்று கேட்டார் சுருளிவேல்,
சிரிக்காமல்.

ஊராட்சித் தெருக்களுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு எல்.இ.டி., இருபது வாட்.
குறைந்த விலை மூவாயிரத்து நானூற்று எண்பது.
அடுத்தவர் இருபது ரூபாய் கூட.
அதற்கடுத்தவர் நாற்பது.
பந்தியில் நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க என்று
இடம் விட்டுக்கொடுக்கும் பங்காளிகள் மாதிரி.

ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது என் வேலை.
முதல் தாளில் ‘தெருவிழக்கு’ என்றிருந்தது.
மனுஷர்தானே, விரல் வழுக்கியிருக்கும்.
இரண்டாவதிலும் தெருவிழக்கு.
மூன்றாவது தாளைத் திருப்பும் முன்பே
என் நாக்கு அந்த ழகரத்தில் போய் மடங்கி நின்றது.

வாழைப்பழத்தை
வாளப்பளம் என்றே தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.
ழ எல்லாம் ள ஆகிற ஊரில்
ஒரு ள-வைப் பிடித்து ழ ஆக்கியவர்
தப்பு வந்துவிடக் கூடாதென்று
எவ்வளவு பயந்து தட்டியிருப்பார்!
மூன்று தடவை.
ஒரே நாற்காலியில்.

மேலாளர் பிலவேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார்.
“தமிழ்ப் பரிட்சையா திருத்துறோம்?
எல்-ஒன் யாரு, அதை எழுதும்மா.”
நல்ல மனிதர்தான். ஓய்வுக்கு ஏழு மாதம்.
இதே ஸீட்டில் எனக்கு முன்னால் இருந்தவள்
ஜல்லிக்கு அளவு கேட்டதற்காக
இப்போது மூன்று பஸ் மாறிக்
கொட்டாம்பட்டிக்குப் போய்வருகிறாள்.

கோப்பின் குறிப்புத் தாளுக்கு ஒரு குணம் உண்டு.
பக்க எண் விழுந்தபின் அதைக் கிழிக்க முடியாது.
கிழித்தால்
கிழித்த இடம் பேசும்.

பக்கம் 27-இல் எழுதினேன்:
“மூன்று விலைப்புள்ளிகளிலும் ஒரே சொல்லில் ஒரே பிழை காணப்படுகிறது.
பக்கத்து ஒன்றியத்தில் இதே விளக்கு சென்ற மாதம் ரூ.1,940.
தக்க ஆணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்.”
கீழே சுருக்கொப்பம்.
வீரமெல்லாம் இல்லை.
தேதியில் ஒன்று
ஏழு மாதிரி விழுந்துவிட்டது.

ஒன்பது நாள் கோப்பு பி.டி.ஓ. மேசையில் கிடந்தது.
அதன்மேல் ஒரு சுவீட் பாக்ஸ் வந்து உட்கார்ந்தது.
மறுநாள் பாக்ஸைக் காணோம். கோப்பு இருந்தது.
படித்தேன் என்று ஒப்பமிட்டால் ஏதாவது செய்ய வேண்டும்.
படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது,
தபால் பதிவேட்டில் நேரம் வரை இருக்கிறது.
பத்தாம் நாள்
பச்சை மையில் இரண்டே சொல்:
மறு டெண்டர்.

“ஒரு எழுத்துக்கு
ஆறு லட்சத்துச் சொச்சம் போச்சே தங்கச்சி”
என்றார் சுருளிவேல் டீக்கடையில்.
கோபம் இல்லை அந்தக் குரலில்.
கணக்குத்தான் இருந்தது.
என் டீக்கும் அவரே காசை நீட்டினார்.
கடைக்காரரிடம் என் பத்து ரூபாயைத் திணித்துவிட்டு
பாதி கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று ஐந்து உறைகள்.
அலங்காநல்லூரிலிருந்து ஒன்று, மேலூரிலிருந்து ஒன்று,
இரண்டும் நாங்கள் கேள்விப்படாத பெயர்கள்.
பழைய மூன்றிலும்
விளக்கு இப்போது விளக்காகவே எரிகிறது.
தாள் வேறு, எழுத்து வேறு.
ஒன்றில் பொறுப்பாக
ஒரு புதுப் பிழைகூடச் செய்து வைத்திருக்கிறார்கள்.
கற்றுக்கொள்கிறார்கள்.

வைப்புத்தொகை வரைவோலைகளை உருவி
மேசையில் அடுக்குகிறேன்.
செக்கானூரணிக் கிளை. ஒரே தேதி.
447181.
447182.
சொல்ல வேண்டியதில்லை மூன்றாவதை.

பிலவேந்திரன் சார் எட்டிப் பார்க்கிறார்.
கண்ணாடியைக் கழற்றவில்லை இந்தத் தடவை.
குறிப்புத் தாளை என் பக்கம் தள்ளி
மெதுவாகச் சொல்கிறார்:
“முதல்ல பக்க எண்ணைப் போடு.”